வர்ணக் கண்ணாடி சொல்லும் வியாபாரப் பாடம்

ராகலை டவுனில் மழை பிடித்தால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படி ஒரு மழை நாளில், 2023ஆம் ஆண்டின் ஆரம்பத்தில், ஓர் இளைஞர் என் கடைக்கு வந்தார். தகப்பனார் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். மகன் கொழும்பில் வேலை செய்து சேர்த்த பணத்தில் கந்தப்பளைப் பக்கம் சிறிய ஹோம்ஸ்டே ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். 2022 நெருக்கடி தணிந்து உல்லாசப் பயணிகள் மறுபடி மலையேறத் தொடங்கிய நேரம் அது.

கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டினார். “நானா, இது லண்டன்ல உள்ள ஒரு பழைய வீட்டு ஜன்னலாம். இந்த யூரோப் டிசைன்ல எனக்கு நாலு ஜன்னல் செய்யணும். முடியுமா?”

படத்தைப் பார்த்தேன். எட்டு மூலை நட்சத்திரம், அதைச் சுற்றிச் சிலுவை வடிவக் கட்டங்கள், நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. “தம்பி, இது யூரோப் டிசைன் இல்லை. எங்கட ஆட்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேல செய்து வாற டிசைன்” என்றேன். அவர் நம்பினாரோ இல்லையோ, நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆனால் அந்தப் பெருமைக்குத் தகுந்த வேலையை நான் செய்யவில்லை. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது. நம் சகோதரர்களில் ஒருவருக்காவது பயன்படும் என்ற நிய்யத்தில், என் குறையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சரக்கு ஒன்று, பேச்சு ஒன்று

வர்ண ஜன்னல் கேட்டு வருபவருக்கு மூன்று விதமாகச் செய்து கொடுக்கலாம். ஒன்று, வெள்ளைக் கண்ணாடியில் அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டுவது. இரண்டாவது, கண்ணாடி மேல் பெயின்ட் அடிப்பது. மூன்றாவது, உருக்கும்போதே நிறம் சேர்த்த அசல் வர்ணக் கண்ணாடியை வெட்டிப் பொருத்துவது. நான் போட்ட கணக்கில் மூன்றாவது, முதலாவதைப் போல நாலு மடங்குக்கு மேல் வந்தது.

வாடிக்கையாளர் தயங்கினார். “ஸ்டிக்கர் போட்டாலும் இதே மாதிரி இருக்குமா நானா?” என்று கேட்டார். “அப்படியேதான் இருக்கும்” என்றேன். போட்ட அன்று அப்படியேதான் இருந்தது. அதில் பொய் இல்லை. ஆனால் வெயில் படும் பக்கத்தில் ஸ்டிக்கர் எத்தனை நாள் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அட்வான்ஸ் வாங்கிப் பில் எழுதினேன்.

மலைநாட்டு வெயில் உடம்பைச் சுடாது. ஆனால் உயரம் கூடக்கூட, சாயத்தை வெளிறச் செய்யும் கதிர் அதிகம். அதோடு நம் பக்கத்துப் பனியும் ஈரமும் சேர்ந்தால் ஓரத்தில் பசை விடும். இரண்டு வருடம் முடிவதற்குள் சிவப்பு ரோஸாகி, பச்சை மஞ்சளாகி, மூலைகள் சுருண்டுவிட்டன. அந்தத் தம்பி வந்து சத்தம் போடவில்லை. கழன்ற துண்டொன்றைக் கடை மேசையில் வைத்துவிட்டு, “நானா, உங்கள நம்பித்தான் வேற யாரிட்டயும் விலை கேக்கல” என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்தைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அன்று இரவுதான், நான் பெருமை பேசிய அந்த டிசைனின் சரித்திரத்தை ஒழுங்காகத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க அது கலைச் சரித்திரமாகத் தெரியவில்லை, வியாபாரச் சரித்திரமாகவே தெரிந்தது.

சந்திரனின் பெயரில் ஒரு ஜன்னல்

அரபு நாடுகளில் வர்ணக் கண்ணாடி ஜன்னலுக்குக் ‘கமரிய்யா’ என்றும் ‘ஷம்ஸிய்யா’ என்றும் பெயர். கமர் என்றால் சந்திரன், ஷம்ஸ் என்றால் சூரியன். யெமன் நாட்டின் ஸன்ஆ நகரத்துப் பழைய வீடுகளில், சாதாரண ஜன்னலுக்கு மேலே அரைவட்டமாக அமைந்த கமரிய்யாக்களை இன்றும் காணலாம். ஜிப்சம் சாந்தைப் பலகை போல வார்த்து, காயுமுன் அதில் வடிவங்களை வெட்டி, பின்புறத்தில் வர்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதிப்பார்கள். ஜன்னல் உயரத்தில் இருப்பதால், கீழே நிற்பவரின் கண்ணுக்கு வெளிச்சம் நன்றாக வரும்படி துளைகளைச் சாய்வாக வெட்டுவதும் உண்டு.

இது நேற்றைய கலையல்ல. உமையாக்களில் கலீஃபா ஹிஷாம் காலத்தில், கி.பி. 727இல், சிரியப் பாலைவனத்தில் எழுந்த கஸ்ருல் ஹைர் அல்கர்பீ மாளிகையிலேயே இவ்வகைச் சாந்துச் சட்ட ஜன்னல்கள் இருந்தன. பைத்துல் முகத்தஸிலுள்ள குப்பத்துஸ் ஸக்ராவுக்கு 16ஆம் நூற்றாண்டில் சுல்தான் சுலைமான் செய்த திருத்த வேலையிலும் வர்ண ஜன்னல்கள் இடம்பெற்றன. ஈரானின் ஷீராஸில் 1876க்கும் 1888க்கும் இடையே கட்டப்பட்ட நஸீருல் முல்க் பள்ளிவாசலில், காலை வெயில் தொழுகைக் கூடத்துக் கம்பளத்தில் வர்ணக் கோலம் போடுகிறது. அதைப் பார்க்கவே வெளிநாட்டார் வரிசையில் நிற்கிறார்கள்.

உடைந்த கண்ணாடிக்கும் ஓர் ஒப்பந்தம்

இனி நம்மைப் போன்ற வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. 1277இல் வெனிஸ் நகரத் தலைவருக்கும், அப்போது சிலுவைப் போராளிகள் வசமிருந்த திரிப்போலியின் ஆட்சியாளர் ஏழாம் பொஹெமண்டுக்கும் ஓர் ஒப்பந்தம் நடந்தது. இந்தத் திரிப்போலி இன்று லெபனானில் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் உடைந்த கண்ணாடிக்கான தீர்வையும் ஒரு விடயமாக இருந்தது. ஆம், உடைந்த கண்ணாடிதான்! நாம் குப்பையில் கொட்டும் துண்டுகளைக் கப்பலேற்றி, வெனிஸில் மறுபடி உருக்கினார்கள். கண்ணாடி உருகத் தேவையான சோடாச் சாம்பலையும் சிரியா கரைச் செடிகளை எரித்துத்தான் பெற்றார்கள். 1291இல் சூளைகளையெல்லாம் முரானோ தீவுக்கு மாற்றினார்கள். மூலப்பொருள் கிழக்கிலிருந்து போனது. பெயரும் இலாபமும் முரானோவுக்குப் போயின.

அடுத்தது மஞ்சள் நிறத்தின் கதை. ஐரோப்பிய ஆலய ஜன்னல்களில் முற்காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் வேறு துண்டு வெட்டி, ஈயப் பட்டியால் இணைக்க வேண்டியிருந்தது. 1300களின் ஆரம்பத்தில் அங்கே ஒரு புது முறை வந்தது. வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியில் பூசிச் சூளையில் சுட்டால், வெள்ளி கண்ணாடிக்குள்ளேயே இறங்கி அழியாத மஞ்சளாகிவிடும். ஒரே துண்டில் வெள்ளையும் மஞ்சளும் கிடைக்கும். வேலையும் குறையும், ஈயமும் மிச்சம். இந்த வெள்ளி வித்தையை எகிப்திலும் சிரியாவிலும் இருந்த நம் கைவினைஞர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்ணாடிப் பாத்திரங்களில் கையாண்டிருந்தார்கள். ‘சாயம் மேலே ஒட்டக் கூடாது, உள்ளே இறங்க வேண்டும்’ என்பதுதான் அந்த வித்தையின் சாரம். ஸ்டிக்கர் ஒட்டிய எனக்கு அதைப் படித்தபோது சுருக்கென்றது.

அதற்காக, மேற்கில் உள்ளதெல்லாம் நம்மிடமிருந்து போனவை என்று மார்தட்டவும் கூடாது. ஈயப் பட்டியில் கண்ணாடியைக் கோத்து, மனித உருவங்களால் கதை சொல்லும் முறை ஐரோப்பியர் தாமாக வளர்த்தது. நுவரெலியா ஹோலி ட்ரினிட்டி ஆலயத்திலும், டிக்கோயா வார்லி ஆலயத்திலும் ஆங்கிலத் தோட்டக்காரர்கள் விட்டுச்சென்ற ஜன்னல்கள் அந்த வழியைச் சேர்ந்தவை. கொடுக்கல் வாங்கல் எப்போதும் இருபக்கமும்தான். காலிக் கோட்டைக்குள் இருக்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலைத் தூரத்திலிருந்து பார்ப்பவர் சர்ச் என்றே நினைப்பார். அந்தக் கட்டிடத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

வெள்ளைக்காரர் வீட்டுக்குள் அரபுக் கூடம்

19ஆம் நூற்றாண்டில் மேற்கு நாட்டார் நம் வடிவங்களை வெளிப்படையாகவே தேடி வந்தார்கள். ஓவன் ஜோன்ஸ் என்ற ஆங்கிலக் கட்டிடக் கலைஞர் ஸ்பெயினின் அல்ஹம்றா அரண்மனையை அளந்து வரைந்தார். 1854இல் லண்டன் சிடன்ஹாம் கிரிஸ்டல் பெலஸில் ‘அல்ஹம்றா கூடம்’ ஒன்றையே கட்டிக் காட்டினார். 1856இல் அரபு, மூரிஷ், பாரசீக அலங்காரங்களை வர்ணத்தில் அச்சிட்டுப் புத்தகமாக்கினார். அதன்பின் அந்த வடிவங்கள் சுவர்த்தாளிலும் ஓட்டிலும் துணியிலும் ஏறின.

லண்டன் கென்சிங்டனில் பிரெடரிக் லெய்ட்டன் என்ற ஓவியர் 1877 முதல் தன் வீட்டோடு ஓர் அரபுக் கூடத்தைக் கட்டினார். டமஸ்கஸ் ஓடுகள், மரச் சல்லடை ஜன்னல்கள், மேலே வர்ணக் கண்ணாடி பதித்த குவிமாடம். இன்று அது அரும்பொருளகம். என் வாடிக்கையாளர் காட்டிய படமும் அந்தக் காலத்து மோகத்தில் பிறந்த ஏதோ ஒரு வீடாகத்தான் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் பிரெடரிக் சேர்ச் என்ற ஓவியர் மத்திய கிழக்கைச் சுற்றிப் பார்த்துத் திரும்பி, ஹட்சன் ஆற்றோரத்தில் ‘ஒலானா’ என்ற வீட்டை 1870 தொடக்கம் கட்டினார். அங்குள்ள ஒரு ஜன்னலுக்கு அவர் செய்த யுக்தியைக் கேளுங்கள். கறுப்புத் தாளில் இஸ்லாமியக் கோலங்களைக் கத்தரித்து, இரண்டு தேன்நிறக் கண்ணாடிகளுக்கு நடுவே வைத்துவிட்டார். உள்ளேயிருந்து பார்த்தால் செதுக்கிய சல்லடை போலவே தெரியும். அதுவும் மலிவு வழிதான். ஆனால் நிறம் கண்ணாடியில் இருக்கிறது, தாள் இரண்டு கண்ணாடிக்கு நடுவே காவலில் இருக்கிறது. மலிவாகச் செய்வது குற்றமில்லை என்பது அதில் தெரிந்தது. நிற்காததை நிற்கும் என்று நினைக்க விடுவதுதான் குற்றம்.

கொலோன் நகரத்துச் சர்ச்சை

நம் காலத்துக்கு வருவோம். ஜேர்மனியின் கொலோன் பேராலயத்தில் 2007இல் ஒரு பெரிய ஜன்னல் திறந்து வைக்கப்பட்டது. கெர்ஹார்ட் ரிக்டர் என்ற உலகப் புகழ் ஓவியர் வடிவமைத்தது. உருவங்கள் இல்லை. 72 நிறங்களில் 11,000க்கும் மேற்பட்ட சிறு சதுரக் கண்ணாடிகள் மட்டுமே. ஒவ்வொன்றும் 9.6 சென்டிமீட்டர். அன்றைய கர்தினால் மைஸ்னருக்கு அது பிடிக்கவில்லை. இது பேராலயத்தை விட ஒரு பள்ளிவாசலுக்கே பொருந்தும் என்ற கருத்தைச் சொன்னார். குறையாகத்தான் சொன்னார். ஆனால் உருவமில்லாத கோலமும் வர்ண வெளிச்சமும் என்றால் உலகத்தின் மனதில் யாருடைய ஞாபகம் வருகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. ஜன்னல் இன்றும் அங்கேயே இருக்கிறது.

அடுத்த செய்தி இன்னும் சுவையானது. அதே நாட்டின் மிகப் பழைய மடாலயங்களில் ஒன்றான தோலே மடாலயத்துக்கு 2020இல் புதிய ஜன்னல்கள் போட்டார்கள். மூன்றை ரிக்டர் வடிவமைத்தார். அவை பாரசீகக் கம்பளம் போலவே இருக்கின்றன. மற்றவற்றில் பெரும்பாலானவற்றை வடிவமைத்தவர் மஹ்பூபா மக்ஸூதி. ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் பிறந்த முஸ்லிம் பெண். நீலக் கண்ணாடி ஊதும் பட்டறைகளுக்குப் பெயர்போன ஊர் ஹெராத். அங்கே பிறந்து ஜேர்மனியில் குடியேறிய ஒருவரை நம்பி, ஒரு கிறிஸ்தவ மடாலயம் தன் ஜன்னல்களை ஒப்படைத்தது. கைத்திறனும் நாணயமும் இருந்தால் வாசல் எங்கே வேண்டுமானாலும் திறக்கும்.

நம் கடையில் செய்யக்கூடியது

இவ்வளவும் ராகலையில் அலுமினியமும் கண்ணாடியும் விற்பவனுக்கு எதற்கு என்று கேட்கலாம். இந்த ஊருக்கு 1904 முதல் 1940கள் வரை நானுஓயாவிலிருந்து சின்ன ரயில் ஓடியது. ராகலைதான் கடைசி ஸ்டேஷன். அந்தப் பாதை போய்விட்டது, ஆனால் பழமை தேடி வருபவர் கூட்டம் போகவில்லை. கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையையே 1996இல் ஹோட்டலாக்கினார்கள். பழைய பங்களாவும் பழைய ஜன்னலும் இன்று முதல். என் வாப்பா காலத்தில் எங்கள் கடைக் கதவுக்கு மேலே சிவப்பு, பச்சைக் கண்ணாடித் துண்டுகள் இருந்தன. ஷட்டர் போடும்போது கழற்றி எறிந்துவிட்டோம். இன்று அதே மாதிரித் துண்டை விலை கொடுத்துத் தேடுகிறேன்.

கண்ணாடித் தொழிலில் உள்ள சகோதரர்களுக்கு நான் கற்ற சில விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். அசல் வர்ணக் கண்ணாடியின் ஓரத்திலும் அதே நிறம் ஓடும். ஸ்டிக்கரும் பெயின்டும் என்றால் ஓரம் வெளிறியிருக்கும். வாடிக்கையாளருக்கும் இதைக் காட்டிக் கொடுங்கள்.

இரண்டாவது, அலுமினிய வேலைக்கு நாம் வைத்திருக்கும் பிரவுன், பச்சை, நீலக் கண்ணாடிகளும் உருக்கும்போதே நிறம் சேர்த்தவைதான். வெயிலில் வெளிறாது. வெட்டி மிஞ்சும் துண்டுகளை எறியாமல் நிறவாரியாகச் சேர்த்து வைத்தால், முக்கால்வாசி ஜன்னல் கையிருப்பிலேயே முடியும். சிவப்பும் மஞ்சளும் மட்டும் கொழும்பிலிருந்து எடுக்க வேண்டிவரும். உடைந்த துண்டுக்கு ஒப்பந்தம் போட்ட வெனிஸ்காரன் முட்டாளில்லை.

மூன்றாவது, எட்டு மூலை நட்சத்திரம் கட்டருக்கு ஏற்ற டிசைன். ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தை 45 பாகை திருப்பி வைத்தால் நட்சத்திரம் வந்துவிடும். எல்லாம் நேர்கோடு, வளைவு வெட்டு இல்லை, சேதம் குறைவு. கணிதம் தெரிந்த மூதாதையர் நமக்கு விட்டுச்சென்ற சொத்து அது.

நான்காவது, ஈயப் பட்டி கிடைக்கவில்லை என்று கவலை வேண்டாம். கீழே ஒரு வெள்ளைக் கண்ணாடியை வைத்து, அதன் மேல் துண்டுகளைச் சிலிக்கோனால் பதித்து, மரச் சட்டத்தில் இறுக்கலாம். கொலோன் ஜன்னலிலும் ஈயப் பட்டிக்குப் பதில் சிலிக்கோனைத்தான் பாவித்தார்கள்.

ஈரத்தை மேலே வைத்தல்

மதீனாச் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரமாக இருந்த சம்பவத்தை நம்மில் அறியாதவர் இல்லை. ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னது பொய்யல்ல. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காததுதான் பிழை. என் ‘அப்படியேதான் இருக்கும்’ என்ற பேச்சும் அந்தக் குவியலைப் போன்றதுதான். மேலே காய்ந்தது, உள்ளே ஈரம்.

அந்தத் தம்பியின் நாலு ஜன்னலையும் கழற்றினேன். ஸ்டிக்கருக்கு வாங்கிய காசை வரவு வைத்து, மேலதிகமாகக் கண்ணாடியின் கொள்முதல் விலையை மட்டும் எடுத்து, கூலி இல்லாமல் அசல் கண்ணாடியில் செய்து கொடுத்தேன். என் மூத்த மகனும் கடைப் பையன்களும் ஆறு வாரம் மாலை நேரத்தில் வேலை செய்தார்கள். முதல் ஜன்னலில் மூன்று நட்சத்திரம் கோணலாகிப் பிரித்து மறுபடி செய்தோம். கணக்குப் பார்த்தால் கைநட்டம்தான். ஆனால் மகனின் கைக்கு ஒரு தொழில் வந்தது. கட்டார் விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தவன் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை.

தம்பி பொருத்திய அன்று காலை வெயிலில் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “இதையே அன்னைக்கே சொல்லியிருந்தா, கடன் வாங்கியாவது செஞ்சிருப்பேனே நானா” என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த பெரிய தண்டனை. வாடிக்கையாளருக்கு வசதியில்லை என்று நாமே முடிவெடுத்து, உண்மையை மறைக்கிறோம். முடிவெடுக்கும் உரிமை அவருடையது.

இப்போது என் கொட்டேஷனில் மூன்று வரி எழுதுகிறேன். ஸ்டிக்கர்: வெயில் படும் இடத்தில் உத்தரவாதம் இல்லை. பெயின்ட்: உள்பக்கத்துக்கு மட்டும். அசல் கண்ணாடி: நிறத்துக்கு உத்தரவாதம். ஸ்டிக்கர் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெரிந்தே வாங்குகிறார்கள், தெரிந்தே விற்கிறேன். இரவில் தூக்கம் வருகிறது.

உங்கள் கடை கண்ணாடிக் கடையாக இல்லாதிருக்கலாம். மரக்கறியோ, துணியோ, உரமோ, போன் உதிரிப்பாகமோ விற்கலாம். எந்தச் சரக்கிலும் ஓர் ஈரப் பக்கம் இருக்கும். அதை மேலே வையுங்கள். அல்லாஹ் நம் எல்லோருடைய தொழிலிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.